வெளியே உட்கார்ந்த கொறடா

மேடையில் பேசத் தெரியாதவர்கள் அரசியலில் குப்பை கொட்ட முடியாது என்று சொல்கிறவர்கள் சிஸ்டரைப் பார்த்ததில்லை. மைக் முன்னால் நின்றால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதிக் கொடுத்ததை வாசிக்கச் சொன்னாலும் பாதியில் வரி தவறிவிடும். அப்படிப்பட்டவள் சட்டசபையில் பதினான்கு வருஷம் உறுப்பினராக இருந்து, கடைசியில் கட்சிக்கே தலைவரானாள். எப்படி என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். பாதிக்கு மேல் புளுகு. நடந்தது மூன்று நாள் சமாச்சாரம். அதற்கு முன்னால் அவள் யார் என்று சொல்லிவிட வேண்டும்.

அரசு ஆஸ்பத்திரியில், ஆண்கள் வார்டில், இருபத்திரண்டு வருஷம் நர்ஸ். சட்டசபைக்கு வந்த பிறகும் எல்லாருக்கும் அவள் சிஸ்டர்தான். சபாநாயகரே ஒருமுறை வாய் தவறி "சிஸ்டர் உட்காரலாம்" என்று சொல்லிவிட, அது சபைக் குறிப்பிலும் ஏறிவிட்டது.

அவளை அரசியலுக்கு இழுத்துவந்தது ஒரு லிஃப்ட். ஆஸ்பத்திரி லிஃப்ட் ஏழு மாதமாக ஓடவில்லை. நோயாளிகளை மூன்று மாடி தூக்கி ஏறி வார்டு ஆட்களுக்கு இடுப்பு ஒடிந்தது. மனு கொடுத்தார்கள், கெஞ்சினார்கள், மேலே யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு நாள் சுகாதார அமைச்சர் பார்வையிட வந்தார். சிஸ்டர் ஒரு ஸ்ட்ரெச்சரை உருட்டிக்கொண்டு வந்து படிக்கட்டின் அடியில் நிறுத்தி, "ஐயா, இதுல கொஞ்சம் படுங்க. உங்களை மூணாவது மாடிக்கு நாங்க தூக்கிட்டுப் போறோம்" என்றாள். அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை. மறுநாள் லிஃப்டைச் சரிசெய்ய ஆள் வந்தது. சிஸ்டருக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. வார்டே வேலையை நிறுத்திவிட்டு வாசலில் உட்கார்ந்தது. அடுத்த தேர்தலுக்கு எதிர்க்கட்சிக்காரர்கள் அவள் வீடு தேடி வந்தார்கள்.

அவள் புருஷன் கோர்ட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். "நின்னுதான் பாரேன். நீ நிக்காம இருந்தா மட்டும் வீட்டுல சும்மாவா இருக்கப்போறே?" என்றார். நாத்தனாருக்கு வேறு கவலை. "அண்ணி, ஜெயிச்சுட்டீங்கன்னா வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் டீ போட நான்தான் கிடைச்சேனா? இப்பவே சொல்லிட்டேன், என்னால ஆகாது." சிஸ்டர் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் ஜெயித்தாள். நாத்தனார் முணுமுணுத்துக்கொண்டே பதினான்கு வருஷம் டீ போட்டாள்.

சபையில் அவளுக்கு ஆரம்பம் சரியாக அமையவில்லை. ஆளுங்கட்சியில் ஒரு நூல் மில் முதலாளி இருந்தார். எல்லாரும் மில்காரர் என்பார்கள். கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். சிஸ்டர் முதல்முதலாக வரவு செலவுத் திட்டத்தின்மேல் பேச எழுந்து காகிதத்தைப் பிரித்தபோது, "பெட்பேன் எடுத்த கை இப்ப பட்ஜெட்டை எடுக்குது, வழி விடுங்கப்பா!" என்றார். சபையே சிரித்தது. அவள் கட்சிக்காரர்களிலும் இரண்டு பேர் குனிந்துகொண்டு சிரித்தார்கள். சிஸ்டர் பேசாமல் உட்கார்ந்துவிட்டாள். அன்று வீட்டில் பாத்திரம் தேய்த்த சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டதாகப் புருஷன் சொல்வார். மில்காரரை அவள் மன்னித்தாள் என்று நினைக்க வேண்டாம். கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை.

இரண்டாவது வருஷம் இன்னொன்று நடந்தது. அவள் கட்சியில் வயதான ஓர் உறுப்பினர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர், நுரையீரலில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். முக்கியமான ஓட்டு. ஒரு தலை குறைந்தாலும் தோல்வி. கட்சி அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டது. டிரிப் பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும், நர்ஸ் யார் இருக்கிறார், சிஸ்டர். அவள் பாட்டிலைத் தூக்கிப் பிடித்தபடி சபைக்குள் நடந்தாள். போஸ்ட்மாஸ்டர் கையைத் தூக்கினார். உடனே அவரை வெளியே உருட்டிக்கொண்டு போனார்கள். ஓட்டு ஜெயித்தது. எண்ணி முடித்து அறிவிக்கும்போது அவர் வெளி நடையில் சுவரோரமாகச் செத்துப்போயிருந்தார். உள்ளே மேஜையைத் தட்டும் சத்தம் நிற்கவே இல்லை. சிஸ்டர் காலிப் பாட்டிலைப் பிடித்த கையை இறக்க மறந்து நின்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் போய்க் கொறடா வேலையைக் கேட்டாள். கொறடா என்றால், ஓட்டு நேரத்தில் தன் கட்சி உறுப்பினர்களை ஒருவர் விடாமல் சபைக்குள் கொண்டுவந்து உட்கார வைக்கிறவர். யார் ஊரில் இருக்கிறார், யார் கல்யாண வீட்டில் இருக்கிறார், யார் கேன்டீனில் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறார் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நன்றியில்லாத வேலை. கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். அவள் அதை வார்டு மாதிரி நடத்தினாள். முப்பது உறுப்பினர்களுக்கும் டூட்டி லிஸ்ட். கேன்டீன் தூக்கக்காரரை எழுப்ப ஈரத்துணி.

சட்டப் புத்தகத்தில் இல்லாத ஒரு பழைய பழக்கத்தையும் தூசி தட்டி எடுத்தாள். அதற்கு ஜோடி என்று பெயர். ஒரு பக்கத்தில் ஒருவர் படுத்துவிட்டால், எதிர்ப்பக்கத்தில் ஒருவர் அந்த ஓட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிடுவார். ஒன்றுக்கு ஒன்று கழிந்துவிடும், நோயாளியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. இரண்டு கொறடாக்களும் வாயால் ஒப்புக்கொள்வதுதான் இதில் எல்லாமே. ஆளுங்கட்சிக் கொறடா முன்னாளில் கணக்கு வாத்தியார். முதலில் சிரித்தார். போஸ்ட்மாஸ்டர் செத்த இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். பிறகு சிரிக்கவில்லை. ஒரு நோட்டுப் போட்டார்கள். தேதி, எந்த ஓட்டு, யாருக்காக யார் வெளியே உட்கார்ந்தது, இரண்டு கையெழுத்து. நோட்டு சிஸ்டரின் கைப்பையில் இருக்கும். வேறு ஒரு பிராணிக்கும் அதைக் காட்டியதில்லை. உறுப்பினருக்கு உடம்பு சரியில்லை என்று வெளியே கசிந்தால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடைக்காது, அவ்வளவுதான், ஆளைக் கட்சி கை கழுவிவிடும்.

பன்னிரண்டு வருஷத்தில் பதினேழு ஜோடி. ஒன்றுகூட மீறப்படவில்லை.

இனி அந்த மூன்று நாள்.

சபையில் சபாநாயகரைச் சேர்த்து அறுபத்தோரு பேர். ஆளுங்கட்சிக்கு முப்பது, சிஸ்டர் கட்சிக்கு முப்பது. சபாநாயகர் ஆளுங்கட்சிக்காரர். சமமாக வந்தால் மட்டும் அவர் ஓட்டுப் போடுவார், அரசாங்கம் பிழைத்துக்கொள்ளும். அப்படி நூல் முனையில் நின்றுகொண்டிருந்த அரசாங்கத்தில், மில்காரருக்கு மாரடைப்பு வந்தது. மறுநாள் நிதி மசோதா ஓட்டு.

வாத்தியார் சிஸ்டரைத் தேடி வந்தார். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தன் கண்ணால் பார்த்தாள். கால்மாட்டில் தொங்கிய சார்ட்டை எடுத்துப் படித்தாள். மில்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. அவளைப் பார்த்துவிட்டு அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். "இவரை ஒரு வாரத்துக்குக் கட்டிலை விட்டு எடுக்கக்கூடாது" என்று வாத்தியாரிடம் சொன்னாள். "ஜோடி தரேன்." யாரை வெளியே உட்கார வைப்பது? வேறு யாரிடம் சொன்னாலும் யாருக்காக, எதற்காக என்று குடைவார்கள். தானே உட்காருவதாக ஒப்புக்கொண்டு நோட்டில் எழுதினாள்.

அந்த எழுத்தில்தான் அவள் கோட்டைவிட்டாள். இருபத்திரண்டு வருஷம் மருந்துச் சீட்டு எழுதிய கை அது. மருந்தின் பெயர், அளவு, வேளை, ஒன்றுகூடக் குறைய எழுதாது, ஒன்றுகூட அதிகமாக எழுதாது. 'எந்த ஓட்டு' என்ற இடத்தில் 'நிதி மசோதா' என்று எழுதினாள். 'இன்று முழுவதும்' என்று எழுதத் தோன்றவில்லை.

முதல் நாள் காலை நிதி மசோதா இருபத்தொன்பதுக்கு இருபத்தொன்பது என்று வந்து, சபாநாயகரின் ஓட்டில் நிறைவேறியது. மதியத்துக்குள் சிஸ்டர் கட்சியின் துணைத் தலைவருக்கு, மில்காரர் ஆஸ்பத்திரியில் கிடக்கும் விஷயம் எட்டிவிட்டது. அவர் தொழிலில் வக்கீல், பேச்சிலும் வக்கீல். ஆஸ்பத்திரியில் யாரோ அவருக்கு வேண்டியவர் இருந்திருக்கிறார். நேரே கட்சித் தலைவரிடம் போனார். தலைவரைப் பெரியவர் என்றுதான் சொல்வார்கள். நாற்பது வருஷ அரசியல், நாலு தேர்தல் தோல்வி, ஒருமுறையாவது ஆட்சியில் உட்கார்ந்துவிட்டுச் சாக வேண்டும் என்ற தவிப்பு. இரண்டு மணிக்குச் சபை கூடியதும் பெரியவர் எழுந்து அரசாங்கத்தின்மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தார். மூன்றில் ஒரு பங்கு பேர் எழுந்து நின்றால் அன்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அந்தச் சபையின் விதி. இருபத்தொன்பது பேர் எழுந்து நின்றார்கள்.

சிஸ்டர் அப்போது வெளி நடையில் ரெக்ஸின் கிழிந்த பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வார டூட்டி லிஸ்ட் எழுதிக்கொண்டிருந்தாள். வாத்தியார் ஓடிவந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"சிஸ்டர், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க உள்ள போறீங்களா?"

"என்ன ஓட்டு?"

சொன்னார். அவள் பேனாவை மூடினாள்.

"எழுதினது நிதி மசோதாவுக்குத்தான். போகாதீங்கன்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. போறதா இருந்தா இப்பவே சொல்லிடுங்க. அவரை ஆம்புலன்ஸ்ல ஏத்தி ஆஸ்பத்திரி வாசல்ல நிறுத்தச் சொல்லிட்டாங்க எங்காளுங்க. பத்து நிமிஷ ரோடு. நான் போன் பண்ணினா கிளம்பிடும்."

"ஏத்திட்டாங்களா! யாரைக் கேட்டு ஏத்தினாங்க?"

"சிஸ்டர், போறீங்களா, இல்லையா?"

அவள் வாயிலிருந்து யோசனைக்கு முன்னால் வார்த்தை வந்துவிட்டது. "போகமாட்டேன். அவரை உடனே கட்டில்ல கொண்டுபோய்ப் படுக்க வைக்கச் சொல்லுங்க."

வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடினார். அவர் போன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அரை நிமிஷம் கழிந்திருக்காது, பெரியவர் வந்தார், பக்கத்தில் வக்கீல்.

"ஏம்மா, இங்க உட்கார்ந்து என்ன பண்றே? உள்ள வா."

"ஜோடி குடுத்திருக்கேன் ஐயா."

"அது காலைல ஓட்டுக்கு" என்றார் வக்கீல். "நீங்க ஏதோ நோட்டுல எழுதி வைப்பீங்களாமே, அதுலயும் அப்படித்தானே இருக்கும்? எழுத்துப்படி உங்களை ஒருத்தரும் ஒரு குத்தமும் சொல்ல முடியாது."

"நான் உள்ள போனா அவரைத் தூக்கிட்டு வருவாங்க. வழியிலயே போயிடுவார் ஐயா. நான் சார்ட்டைப் பார்த்தேன்."

"சும்மா பூச்சாண்டி காட்டறாங்க" என்றார் பெரியவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். அந்தக் குரலுக்குக் கல்லும் நகரும். "நாளைக்கு நாம ஆட்சியில இருப்போம். நீதான் சுகாதார அமைச்சர். ஒரு லிஃப்டுக்காக நடுத்தெருவுல நின்னவதானே நீ? பத்து ஆஸ்பத்திரி கட்டு, நான் கையெழுத்துப் போடறேன். அதெல்லாம் வேணாமா? அந்த மில்காரனுக்காகவா? அவன் உன்னை என்ன பேச்சுப் பேசினான்?"

சிஸ்டருக்கு அந்த நிமிஷம் நுனிநாக்கு வரைக்கும் ஒன்று வந்தது. நோட்டின் பதினோராவது பக்கம். போன வருஷம் பெரியவர் ஒரு மாதம் வெளிநாட்டுப் பயணம் போயிருப்பதாகக் கட்சி அறிக்கை விட்டது. பயணமும் இல்லை, ஒன்றும் இல்லை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் வேறு பெயரில் படுத்திருந்தார். குடலில் கட்டி. அறுத்து எடுத்தார்கள். அந்த வாரம் ஒரு நில மசோதா ஓட்டு. ஆளுங்கட்சியில் ஒருவர் முறுக்கிக்கொண்டு சபைக்கு வராமல் இருந்த சமயம். வாத்தியார் மட்டும் ஜோடி தராமல் இருந்திருந்தால் மசோதா ஜெயித்திருக்கும். தந்தார். ஒரு ஓட்டில் தோற்றார். கட்சிக்குள் அதற்கு அவர் வாங்கிய வசவு கொஞ்சநஞ்சமல்ல. இதெல்லாம் தெரிந்தவர்கள் வாத்தியார், சிஸ்டர், பெரியவர், அவர் சம்சாரம். வக்கீலுக்குத் தெரியாது. அந்த வக்கீல் பக்கத்தில் நின்றார். சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. ஓட்டுக்கு முன்னால் நாலு நிமிஷம் அடிக்கும். நின்றதும் கதவைச் சாத்திவிடுவார்கள், பிறகு யாரும் உள்ளே போக முடியாது.

"வந்துடு" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் திரும்பி நடந்தார். வராமல் போவாள் என்று அவர் நினைக்கவே இல்லை.

அந்த நாலு நிமிஷத்தைப் பற்றி அவள் பிறகு நாத்தனாரிடம் மட்டும்தான் சொன்னாள். முதல் நிமிஷம் மில்காரரை மனசுக்குள் கெட்ட வார்த்தையில் திட்டினாளாம். இரண்டாவது நிமிஷம் எழுந்துவிட்டாள். வாத்தியாரை நம்பி அவர்கள் நோயாளியைத் திரும்பக் கட்டிலில் போட்டிருப்பார்கள். இப்போது உள்ளே போனால் அவரைத் தூக்கிவர நேரமே இருக்காது. யாரும் சாகமாட்டார்கள். அரசாங்கம் கவிழும். அமைச்சர் நாற்காலி. சபைக் கதவை நோக்கி நாலு அடி, ஐந்து அடி நடந்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற காவலர், "சீக்கிரம் வாங்கம்மா" என்றார்.

போனால் இனிமேல் யாரும் ஜோடி தரமாட்டார்கள். அடுத்தமுறை யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் சக்கர நாற்காலிதான், பாட்டிலைத் தூக்கிப் பிடிக்க இன்னொருத்திதான். "நீங்க சாத்திக்கங்க" என்றாள்.

உள்ளே சபாநாயகர் தன் ஓட்டைச் சொன்னார். ஆளுங்கட்சி மேஜையைத் தட்டியது. கதவு திறந்து அவள் கட்சிக்காரர்கள் வெளியே வந்தபோது அவளைத் தாண்டிப் போனவர்களில் ஒருவரும் முகம் கொடுக்கவில்லை. ஒருத்தர் மட்டும் நின்று, "என்ன வாங்கினீங்க சிஸ்டர்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அது அவளை அடித்துப் போட்டது.

சாயங்காலத்துக்குள் ஜெராக்ஸ் கடைக் கண்ணாடியை உடைத்துவிட்டார்கள். புருஷன் கையில் பிளாஸ்திரியோடு வந்தார். "மெஷினுக்கு ஒண்ணும் ஆகல" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. நாத்தனார்தான் பொரிந்தாள். "உங்களை அந்த ஆளு பெட்பேன்னு சொன்னப்ப நான் மூணு நாள் சரியா சாப்பிடல அண்ணி. அவனுக்குப்போய் இப்படியா?"

"அவனுக்காக இல்ல. குடுத்த வார்த்தைக்காக" என்றாள் சிஸ்டர்.

"வார்த்தையை வச்சு இனிமே என்ன பண்ணப்போறீங்க? வார்டுலயும் வேலை இல்ல, கட்சியிலயும் இல்ல."

மறுநாள் காலை கட்சி அறையில் கூட்டம். அவளைக் கட்சியை விட்டு நீக்குவதுதான் விஷயம்.

கட்சி அறை சபைக் கட்டடத்தின் பின்பக்கம். நீண்ட மேஜை, இரண்டு சுற்றாக நாற்காலி, ஓடாத ஒரு மின்விசிறி. முப்பது பேரும் வந்திருந்தார்கள். பெரியவர் மேஜைத் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். வக்கீல் எழுந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தார்.

"நேத்து ஒரு தடவைதானா, இதுக்கு முன்னாடியும் உண்டா?"

"இதோட பதினெட்டு."

அறையில் சலசலப்பு.

"யார் யாருக்கு?"

"சொல்ல மாட்டேன்."

"அந்த நோட்டு எங்க?"

"பையில இருக்கு."

"மேஜைமேல வைங்க. எங்க முதுகுக்குப் பின்னாடி எதிரிக்கு யார் யாரை வித்திருக்கீங்கன்னு கட்சி தெரிஞ்சுக்கணும்." பிறகு வக்கீல் இறங்கி வருவதுபோலக் குரலை மாற்றினார். "நோட்டைக் குடுத்துட்டா நீக்கம் வேணாம்னு நானே சொல்றேன். கொறடா பதவியை மட்டும் விட்டுட்டு உறுப்பினரா இருந்துக்கங்க. பதினாலு வருஷம் உழைச்சிருக்கீங்க. யோசிங்க."

சிஸ்டர் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பெரியவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு பெயர். அதைச் சொன்னால் இந்த அறை தலைகீழாகப் புரண்டுவிடும், தன்னை யாரும் தொட முடியாது என்று அவளுக்குத் தெரியும். பெரியவருக்கும் தெரியும். சுற்றிப் பார்த்தாள். இந்த அறையிலேயே ஒன்பது பேர் அந்த நோட்டில் இருந்தார்கள். கிட்னி, மூலம், குடியை நிறுத்த ஒருத்தர், மனசு சரியில்லாமல் போன ஒருத்தர். அதில் நாலு பேர் நேற்று அவளைத் துரோகி என்று சொன்னவர்கள்.

"நோயாளி பேரை வெளியில சொல்லி எனக்குப் பழக்கமில்ல" என்றாள். "நீக்கறதா இருந்தா நீக்கிக்கங்க."

"ஓட்டுக்கு விடுங்க" என்றார் வக்கீல்.

அவள் தன் விஷயத்தில் ஓட்டுப் போட முடியாது. பெரியவர் கூட்டத் தலைவர். மிச்சம் இருபத்தெட்டு. நீக்க வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கினார்கள். பழக்க தோஷம், சிஸ்டரே எண்ணினாள். எட்டு, பதினொன்று, பதின்மூன்று. கேன்டீனில் தூங்குகிறவர் கையைப் பாதி தூக்கி, இறக்கி, வக்கீல் பார்த்ததும் முழுதாகத் தூக்கினார். பதினான்கு. வேண்டாம் என்கிறவர்கள் கை தூக்கினார்கள். தலை குனிந்தபடி, ஒருவரை ஒருவர் பார்க்காமல் தூக்கினார்கள். நோட்டில் இருந்த ஒன்பது பேரில் ஏழு பேர் அதில் இருந்தார்கள். எண்ணினாள். பதினான்கு.

"சமம்" என்றார் வக்கீல். "ஐயா, உங்க ஓட்டுதான்."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். மேஜை ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"போன வருஷம் நான் வெளிநாடு போகல" என்றார். "ஆஸ்பத்திரியில கிடந்தேன். புத்துநோய். நில மசோதாவை நாம ஒரு ஓட்டுல தோற்கடிச்சோமே, மாலை போட்டுக்கிட்டு ஊர் ஊராப் பேசினேனே, அது அந்த வாத்தியார் எனக்குக் குடுத்த ஜோடியில கிடைச்சது. இந்தப் பொண்ணுதான் போய்க் கேட்டு வாங்கினா. நேத்து நான் இவளை வார்த்தையை மீறி உள்ள வரச் சொன்னேன். என் வாயை அடைக்க இவளுக்கு ஒரு வார்த்தை போதும். நேத்தும் சொல்லல. இப்ப கழுத்துக்குக் கத்தி வந்தப்பவும் சொல்லல." கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "நீக்க வேணாம். அதுதான் என் ஓட்டு. நான் இந்த நாற்காலிக்கு இனிமே லாயக்கில்ல. நாளைக்குப் பத்து மணிக்குக் கூடி வேற தலைவரைத் தேர்ந்தெடுத்துக்கங்க."

வக்கீல் நின்றபடியே இருந்தார். மடித்துவிட்ட சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். யாரோ ஒருவர் "சிஸ்டர் நிக்கட்டும்" என்றார். வேறு யாரோ "வக்கீல் நிக்கட்டும்" என்றார். சிஸ்டருக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவள் பெரியவர் பின்னாலேயே நடைக்கு ஓடினாள்.

"ஐயா, ஆறு மாசத்துக்கு ஒருதரம் ஸ்கேன் எடுக்கணும்னு சொன்னாங்களே. எடுத்தீங்களா?"

பெரியவர் நடையை வேகமாக்கினார்.

"எடுக்கலையா?"

"பயமா இருக்கும்மா" என்றார். நாற்பது வருஷம் மேடையில் கர்ஜித்த மனுஷன்.

"நாளைக்குக் காலைல ஏழு மணி. வெறும் வயித்துல இருங்க. நான் கூட வரேன்."

"நாளைக்குப் பத்து மணிக்கு ஓட்டும்மா. நீ அங்க இருக்கணும். உன் ஓட்டு உனக்கே வேணும்."

"ஏழு மணி" என்றாள்.

மூன்றாம் நாள் ஏழு மணிக்குப் போனார்கள். ஆஸ்பத்திரியில் எது குறித்த நேரத்தில் நடந்திருக்கிறது? பெரியவரை உள்ளே கூப்பிடும்போதே மணி பத்து ஆகிவிட்டது. சிஸ்டர் வெளியே இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். புருஷன் இரண்டு தடவை போன் செய்தார். "இன்னும் போகலையா நீ? ஆட்டோ அனுப்பட்டுமா?" மூன்றாவது தடவை பத்தே முக்காலுக்கு அடித்தார். கடையில் ரேடியோ இரைந்தது.

"பதினாலுக்குப் பதிமூணு. ஒருத்தர் ஓட்டுப் போடல."

"யாருக்கு?"

"அட, உனக்குத்தான்டி! நீ இப்ப கட்சித் தலைவர்." பின்னால் நாத்தனார் குரல் கேட்டது. அவளும் கடைக்கு வந்திருந்தாள் போல. "டீ போடற வேலைக்கு இனிமேலாச்சும் ஒரு ஆள் வைக்கச் சொல்லுண்ணா" என்று சொல்லிக்கொண்டே அழுதாள்.

சிஸ்டர் போனை வைத்தாள். சந்தோஷப்பட வேண்டும் என்று தெரிந்தது. அதற்குள் ஸ்கேன் அறைக் கதவு திறந்து பெரியவர் வந்தார். சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தார்.

"என்ன ஆச்சு?" என்று இருவரும் ஒரே சமயத்தில் கேட்டார்கள்.

"நீ சொல்லு."

"ஜெயிச்சுட்டேன் ஐயா."

பெரியவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது. அவள் தோளில் கையை வைத்து, "நல்லது" என்றார். பிறகு நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். "எனக்குத் திரும்ப வந்திருக்காம். ஈரல்ல. திங்கக்கிழமையே ஆபரேஷன்னு சொல்றாங்க. திங்கக்கிழமை மானியக் கோரிக்கை ஓட்டு இருக்கேம்மா. தலைவரான முதல் வாரமே நீ தோக்கக்கூடாது. நான் வந்து கையைத் தூக்கிட்டு அப்புறமா போய்ப் படுத்துக்கறேன்."

"வாயை மூடுங்க" என்றாள் சிஸ்டர். வாழ்க்கையில் அவரிடம் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

எழுந்து ஜன்னலோரம் போய் வாத்தியாருக்குப் போன் போட்டாள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "ஒரு ஜோடி வேணும்" என்றாள். யாருக்கு என்று சொல்ல வாய் எடுத்தாள்.

வாத்தியார் சொல்லவிடவில்லை. "யாருக்குன்னு அப்புறம் எழுதிக்கலாம் சிஸ்டர். எத்தனை நாளைக்கு வேணும்?" என்றார்.

அவள் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். மூன்று நாளாக அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வந்தது. பெரியவர் பார்த்துவிடக் கூடாதென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஆறு வாரம்" என்றாள்.